ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால்: முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

பெரியம்மா மகன் ஒருநாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கல்ஃப் வேலைக்கு எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட். எக்ஸ்ரே, சர்க்கரை, பிரஷர் எல்லாம் ஒழுங்கு. கீழே ஒரே ஒரு வரியில் 'ஹெச்பிஎஸ்ஏஜி: ரியாக்டிவ்', அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்குப் பாசிட்டிவ், ஓரத்தில் 'அன்ஃபிட்' என்று முத்திரை. அதற்கடுத்த அரைமணி நேரத்தில் அவருக்கு வந்து சேர்ந்த ஆலோசனைகளைக் கேளுங்கள்: ஏஜென்ட் "ஒரு மாசம் கழிச்சு வேற சென்டர்ல எடுத்துக்கலாம்" என்றான், நண்பர் ஒருவர் "ரத்தத்தை மாத்தினா போயிடும்" என்றார், வீட்டில் "எங்கே போய் வாங்கிட்டு வந்தே?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றுமே தப்பு. மூன்றாவது ரொம்பப் பெரிய தப்பு, அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நம்மூரில் இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. உடம்புக்கு முடியாமல் போய்க் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. ரத்ததான முகாம், கர்ப்பகாலப் பரிசோதனை, ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட், வெளிநாட்டு மெடிக்கல் என்று வேறு எதற்கோ போய் இதைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. அதில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

1. அந்த ஒரு வரி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது ரத்தத்தில் இருந்தால் வைரஸ் உடம்பில் இருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. கல்லீரல் கெட்டுவிட்டதா, வைரஸ் எவ்வளவு இருக்கிறது, மாத்திரை வேண்டுமா, எப்போது தொற்றியது, இதில் எதையும் அந்த வரி சொல்லாது.

முகாம்களில் செய்வது பெரும்பாலும் கார்டு டெஸ்ட். அதனால் முதலில் நல்ல லேபில் எலைசா முறையில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். தடுப்பூசி போட்டு ஒரு மாதத்துக்குள் இந்த டெஸ்ட் எடுக்காதீர்கள், ஊசியில் இருக்கும் அதே புரதம் சில நாட்களுக்கு ரத்தத்தில் தெரிந்து பாசிட்டிவ் காட்டிவிடலாம்.

இன்னொரு குழப்பம். 'ஆன்டி-ஹெச்பிஎஸ்' பாசிட்டிவ் என்று வந்தால் அது நோய் இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பொருள். ஊசி போட்டதாலோ, எப்போதோ வந்து தானாகப் போனதாலோ வந்திருக்கும். 'ஆன்டி' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் அழுது புரண்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட் அது.

2. புதுசா, பழசா?

அடுத்த கேள்வி இது. வைரஸ் உள்ளே வந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறிகுறிகள் தென்படலாம்: அசதி, பசியின்மை, குமட்டல், மூட்டுவலி, கண்ணில் மஞ்சள், கடுகெண்ணெய் நிறத்தில் சிறுநீர். பலருக்கு எதுவுமே தெரியாமலும் போகும். புதிய தொற்றைக் கண்டுபிடிக்க 'ஐஜிஎம் ஆன்டி-ஹெச்பிசி' என்ற டெஸ்ட் உதவும். ஆனால் கடைசியில் காலம்தான் தீர்ப்பு சொல்லும்: ஹெச்பிஎஸ்ஏஜி ஆறு மாதத்தைத் தாண்டியும் பாசிட்டிவாக இருந்தால் நாள்பட்ட தொற்று.

இங்கேதான் வயது விளையாடுகிறது. ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு உடம்பே வைரஸை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றும் குழந்தைக்கோ கணக்கு அப்படியே தலைகீழ், 100-ல் 90 பேருக்கு மேல் நாள்பட்டதாகத் தங்கிவிடும். ஆக, முப்பத்து நான்கு வயதில் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒருவருக்கு நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி என்று தெரிந்தால், அது பிறந்தபோதோ சின்ன வயதிலோ வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் அண்ணன் விஷயத்தில் வீட்டில் எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். பெரியம்மாவுக்கும் பாசிட்டிவ். ஒருநாள்கூட மஞ்சள் காமாலை என்று படுக்காதவர். "எங்கே போய் வாங்கிட்டு வந்தே" என்று கேட்டவரே அவர்தான், பாவம், அதன்பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவர் மேலும் தப்பில்லை, அவருக்கும் யாரிடமிருந்தோ அப்படித்தான் வந்திருக்கும்.

புதிய தொற்று என்றால் பெரும்பாலும் ஓய்வு, சாப்பாடு, கண்காணிப்பு போதும், வைரஸ் மாத்திரை தேவைப்படாது. ஆனால் மஞ்சளோடு சேர்ந்து தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், ரத்தக்கசிவு, நிற்காத வாந்தி, இதில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கல்லீரல் செயலிழக்கும் அறிகுறிகள் இவை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

3. டாக்டரிடம் போகும்போது எடுக்க வேண்டிய டெஸ்ட்கள்

குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எதிலாவது தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுப் போங்கள். 2018 ஜூலை 28-ல் ஆரம்பித்த திட்டம், டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். தனியாரில், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்ட்டுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜூலை 28 ஏன் என்றால், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் ப்ளம்பெர்க் பிறந்த நாள் அது. அவர் பெயர் கீழே இன்னொரு இடத்திலும் வரும்.

கேட்டு எடுக்க வேண்டியவை: வைரல் லோடு, அதாவது ஹெச்பிவி டிஎன்ஏ, ஹெச்பிஈஏஜி, ஆன்டி-ஹெச்பிஈ, எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி உள்ளிட்ட கல்லீரல் டெஸ்ட்கள், பிளேட்லெட், ஐஎன்ஆர், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன். கூடவே ஹெச்ஐவி, ஹெப்படைட்டிஸ் சி. ஹெச்ஐவி டெஸ்ட் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. பி-க்குக் கொடுக்கும் மாத்திரைகள் ஹெச்ஐவி மீதும் வேலை செய்யும். அது இருப்பது தெரியாமல் இந்த ஒரு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஹெச்ஐவி வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.

எஸ்ஜிபிடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லேப் ரிப்போர்ட்டில் 40, 50 வரை 'நார்மல்' என்று அச்சடித்திருப்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. 36 என்று வந்து தடித்த எழுத்தில் இல்லையே என்று நிம்மதியாகப் போகக்கூடாது.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது, வலியில்லாத டெஸ்ட், காலி வயிற்றில் போக வேண்டும். அது கிடைக்காத ஊரில் ஏபிஆர்ஐ என்ற கணக்கை நாமே போடலாம். எஸ்ஜிஓடி அளவை லேபின் மேல் எல்லையால் வகுத்து, அதை பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரக் கணக்கில்) வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு நான் காகிதத்தில் போட்டது இது: எஸ்ஜிஓடி 72, மேல் எல்லை 40, ஆக 1.8. பிளேட்லெட் 2 லட்சம், அதாவது 200. 1.8-ஐ 200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.9. 2024-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியின்படி 0.5-ஐத் தாண்டினால் கவனிக்கத்தக்க தழும்பு இருக்கலாம், 1-ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை, இருக்கலாம். ஃபைப்ரோஸ்கேனில் அதே எல்லைகள் 7 கிலோபாஸ்கல், 12.5 கிலோபாஸ்கல். நோயே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு மாத்திரை தேவைப்பட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்துபோன அண்ணனுக்கு இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

4. மாத்திரை யாருக்கு, எப்படி

பாசிட்டிவ் என்றாலே மாத்திரை என்று நினைக்க வேண்டாம். சிரோசிஸோ கவனிக்கத்தக்க தழும்போ இருந்தால் மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் ஆரம்பிக்க வேண்டும். வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 2,000 ஐயு-வுக்கு மேல் இருந்து எஸ்ஜிபிடியும் எல்லையைத் தாண்டினால் ஆரம்பிக்கலாம். குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்தவர்கள், ஹெச்ஐவியோ ஹெப்படைட்டிஸ் சி-யோ சேர்ந்து இருப்பவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயோ கொழுப்புக் கல்லீரலோ உள்ளவர்கள் இவர்களுக்கும் இப்போது வாசலை அகலமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முடிவை டாக்டர் எடுக்கட்டும், ஆனால் மேலே சொன்ன எண்களை நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள்.

மாத்திரைகள் முக்கியமாக இரண்டு. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினமும் ஒன்று. சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடும் என்பதால் கிரியாட்டினின் அவ்வப்போது பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் சிக்கல் இருப்பவர்களுக்கு டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற 25 மில்லிகிராம் வகை உண்டு. இன்னொன்று என்டெகாவிர், வழக்கமாக 0.5 மில்லிகிராம். இதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. டிஃபன் முடித்துக் காபி குடிக்கும்போது வாயில் போட்டுக்கொண்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். லாமிவுடின் மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், வருடங்கள் போகப்போக வைரஸ் அதற்குப் பழகிவிடுவது தெரிந்த விஷயம். இன்டர்ஃபெரான் ஊசி 48 வார வைத்தியம், சிலருக்குத்தான் பொருந்தும்.

இந்த மாத்திரைகள் வைரஸை அடக்கிவைக்கும், வேரோடு பிடுங்காது. மாத்திரையில் இருக்கும்போது ஹெச்பிஎஸ்ஏஜியே மறைவது வருடத்துக்கு 100-ல் ஒருவருக்குக் கிட்டத்தட்ட நடக்கலாம், அவ்வளவுதான். அதனால் பலருக்கும் இது வருடக்கணக்கில் ஓடும். ஆறு மாதத்தில் வைரல் லோடு 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறார்களே, அங்கேதான் விபரீதம். அடங்கிக்கிடந்த வைரஸ் திடீரென்று கிளம்பிக் கல்லீரலைச் செயலிழக்க வைக்கும் அளவுக்குப் போகலாம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லி, அவர் கண்காணிப்பில் மட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டுப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மாத்திரை சாப்பிடுகிறவரோ இல்லையோ, எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள். மூட்டுவாதத்துக்கு நாள்கணக்கில் ஸ்டீராய்டு, புற்றுநோய்க்குக் கீமோ, குறிப்பாக ரிடுக்ஸிமாப் போன்ற ஊசிகள் தூங்கும் வைரஸை எழுப்பிவிடும். முன்கூட்டியே டெனோஃபோவிரோ என்டெகாவிரோ கொடுத்துத் தடுக்கலாம், ஆனால் தெரிந்தால்தானே தடுப்பார்கள்.

5. கீழாநெல்லி பற்றிப் பேசாமல் இருக்க முடியாது

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் கீழாநெல்லி. மோரில் அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் சொல்லி அனுப்பும் வைத்தியர் இல்லாத வட்டாரமே கிடையாது. இதைச் சும்மா சிரித்து ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் அறிவியல் உலகமே ஒருமுறை இதைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, கீழாநெல்லிப் பொடியை ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்து 'லான்செட்' இதழில் வெளியிட்டது. கட்டுரையாளர்களில் ஒருவர் நம் ப்ளம்பெர்க். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது, மருந்தே இல்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பெரிய பரபரப்பு. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஒரு இடத்தில் கிடைத்தது இன்னொரு இடத்தில் கிடைக்காவிட்டால் அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது, அவ்வளவுதான் என் நிலைப்பாடு.

"அப்புறம் எப்படி எங்க மாமாவுக்குச் சரியாச்சு?" என்று கேட்பீர்கள். நம் பக்கம் வரும் காமாலையில் நிறைய, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ வகைகள். பெரும்பாலும் அவை தானாகவே சில வாரங்களில் அடங்கும். பெரியவருக்கு வரும் புதிய பி-யும் 95 பேருக்குத் தானாகப் போய்விடும் என்று மேலே பார்த்தோம். எந்த மருந்து கொடுத்தாலும் அந்தப் பெயர் அந்த மருந்துக்குப் போகும். ஆபத்து எங்கே என்றால், கண்ணில் மஞ்சள் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று ஹெச்பிஎஸ்ஏஜியைத் திரும்பப் பார்க்காமல் விடுவதில்.

பத்தியம் பற்றி ஒரு வரி: எண்ணெய், உப்பு, மீன், முட்டை எதையும் நிறுத்தத் தேவையில்லை. நிறுத்த வேண்டியது சாராயம், ஒரு சொட்டுகூட வேண்டாம். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, சோளத்தைத் தூக்கிப் போடுங்கள். அதில் உருவாகும் அஃப்லாடாக்ஸின் நச்சு ஹெப்படைட்டிஸ் பி-யோடு சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும். கசக்கும் கடலையை மென்று விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

6. மாத்திரை வேண்டாம் என்றாலும் ஃபைலை மூடாதீர்கள்

'நீங்கள் வெறும் கேரியர்தான்' என்று யாராவது சொல்லி அனுப்பினால் அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் வைரல் லோடு. சிரோசிஸ் உள்ளவர்கள், 40 வயதைத் தாண்டிய ஆண்கள், 50 தாண்டிய பெண்கள், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் பார்த்தவர்கள் இவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு வயிற்று ஸ்கேன், கூடவே ஏஎஃப்பி ரத்த டெஸ்ட். இந்த வைரஸ் சிரோசிஸ் வராமலேயே நேராகப் புற்றுநோய்க்குக் கொண்டுபோகக்கூடியது, அதனால்தான் இந்தக் கெடுபிடி.

7. வீட்டில் உள்ளவர்கள்

தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், கொசு, ஒரே கழிப்பறை எதனாலும் இது பரவாது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழி. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆளுக்கொன்று தனியாக இருக்கட்டும். வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது, உலர்ந்த ரத்தக்கறையைக்கூட கையுறை போட்டு ப்ளீச்சிங் கரைசலால் துடையுங்கள். சலூனில் புது பிளேடு மாற்றுகிறாரா என்று பாருங்கள், பச்சை குத்தும் இடத்திலும் அப்படியே. 2009-ல் குஜராத்தின் மொடாசா பக்கம் கிளினிக்குகளில் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் இந்த நோய் பரவிப் பலர் இறந்தார்கள். அதனால் ஊசி போடுமிடத்தில் உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்பிசி மூன்றும் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. புஜத்தில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாகப் பிடிக்காது. வாழ்க்கைத் துணைக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கும் கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்பிஎஸ் அளவு பார்ப்பது அவசியம், 10-க்கு மேல் இருந்தால் போதும். அதுவரை ஆணுறை.

8. கர்ப்பிணிக்கு இருந்தால்

இங்கே கணக்கு மணிநேரத்தில். குழந்தை பிறந்ததும், 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் ஹெச்பிஐஜி என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். ஹெச்பிஐஜி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பில் இருக்காது. ஏழாம் மாதத்திலேயே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பிரசவ அறை வாசலில் நின்று மருந்துக்கடை தேடி ஓட வேண்டாம். தாயின் வைரல் லோடு 2 லட்சம் ஐயு-வுக்கு மேல் இருந்தால் ஊசிகள் மட்டும் போதாது, கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே தாய்க்கு டெனோஃபோவிர் கொடுப்பார்கள், அது கர்ப்பத்தில் பாதுகாப்பானது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. அப்புறம் 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி, இதிலேயே பி-யும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து அரசு கொடுத்துவருவது. 9-லிருந்து 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ஹெச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-ஹெச்பிஎஸ்ஸும் எடுத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

9. ஊசி குத்திவிட்டது, இப்போது என்ன?

நர்ஸ், லேப் ஊழியர், குப்பை அள்ளுபவர் யாருக்கும் நடக்கலாம். பிதுக்காதீர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். முன்பு தடுப்பூசி போட்டு அளவு 10-க்கு மேல் வந்திருந்தால் பயமில்லை. போடவில்லையென்றால் ஹெச்பிஐஜியும் முதல் தடுப்பூசியும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஏழு நாளுக்கு மேல் போனால் ஹெச்பிஐஜியால் பலன் எதிர்பார்க்க முடியாது.

அண்ணியின் இரண்டாவது ஊசி, குலதெய்வக் கோயில் கொடை, மாமனார் காரியம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போனது. "மறுபடி முதல்ல இருந்து போடணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணி, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும், நாளைக்கே போய்ப் போடுங்கள் என்றேன்.